பின் சீட்டில் ஏறிய புகை

மலை ஏறினால் பொம்பளைகளுக்குத் தலை சுற்றத்தான் செய்யும் என்று சொன்ன ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் பல தடவை பார்த்தேன், முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் தேனியில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்த வண்டிதான். இரண்டு கை மாறி எங்களிடம் வந்த கறுப்பு அம்பாசடர். சவாரி பெரும்பாலும் ஏலக்காய் வியாபாரிகளும் தோட்டத்து ஆட்களும். போடியைத் தாண்டி, முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி உச்சியில் இருக்கிற போடிமெட்டுக்குப் போக வேண்டும். கார் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. எவன் வண்டி ஃபர்ஸ்ட் கியருக்கு வராமல் செகண்டிலேயே மேட்டுக்கு ஏறுகிறது என்கிற கவலை. வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். "நேத்து எந்த வளைவுலப்பா ஃபர்ஸ்ட் போட்ட?" என்று மட்டும் மறக்காமல் கேட்பார்கள்.

எங்கள் வண்டி பாதி மலையிலேயே திணறும். ஃபர்ஸ்ட் கியர் போட்டே ஆக வேண்டும். ஸ்டாண்டில் அதை வைத்துக் கேலி பேசினால் அவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார். என்னவோ நான்தான் சோற்றைத் தின்றுவிட்டு வண்டியை இழுக்காமல் நின்றுவிட்ட மாதிரி என்னிடம் எரிந்து விழுவார்.

அவருக்கு ஒரு கூட்டாளி. லேத் பட்டறை வைத்திருந்தவர். வாய் பெருத்த மனுஷன். ஒரு நாள் வண்டியைப் பட்டறையில் தூக்கி வைத்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல மாப்ள. மூச்சு விட முடியாம தவிக்குது. உள்ள போற காத்துக்கு வழி இருக்கு, வெளிய வர்ற புகைக்குத்தான் வழி இல்ல. அந்த வழியத் தெறந்து விட்டா சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

இது முழுப் பொய் இல்லை. எனக்கும் பின்னால் இதைப் பற்றி நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புகை தங்குதடையில்லாமல் போனால் இன்ஜின் கொஞ்சம் லேசாக இழுக்கும். சைலன்சரை அறுத்தார்கள். உள்ளே சத்தத்தை அடக்குவதற்காக வைத்திருந்த சல்லடைக் குழாயையும் தகடுகளையும் உருவி எறிந்துவிட்டு வெறும் டப்பாவாக மறுபடி பற்ற வைத்தார்கள். இன்ஜினிலிருந்து வருகிற பைப்பையும் பெரிதாக மாற்றினார்கள். அதோடு விட்டிருந்தால் ஊருக்குக் காதுதான் போயிருக்கும். அவர்கள் விடவில்லை. சைலன்சரிலிருந்து கிளம்பும் பைப்பு பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறி, வண்டியின் வால் வரைக்கும் போய்ப் பம்பருக்கு அடியில் வாய் திறக்கும். அந்த வளைவுதான் இழுவையைத் தின்கிறது என்று இரண்டு மேதைகளும் கண்டுபிடித்தார்கள். அறுத்துத் தள்ளினார்கள். இப்போது பைப்பின் வாய் பின் சீட்டுக்கு நேர் கீழே நின்றது.

பின் சீட்டுக்குக் கீழே தரை துருப்பிடித்து அங்கங்கே ஓட்டை. சாக்கை மடித்து அடைத்து, மேலே ரப்பர் மேட்டைப் போட்டு மூடியிருந்தோம். இது அவருக்குத் தெரியாதா? சாக்கை அடைத்ததே அவர்தான்!

சத்தம் என்றால் அடேயப்பா, அப்படி ஒரு சத்தம். வண்டி போடியில் கிளம்பினால் முந்தலில் கேட்கும் என்று ஸ்டாண்டில் பெருமையாகப் பேசுவார்கள். செகண்ட் கியரிலேயே மேட்டுக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் மூத்த பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

கோயில், விசேஷம் என்று குடும்பத்தோடு மலை ஏறுவதும் அந்த வண்டியில்தான். எங்கள் பக்கத்தில் காரில் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். முன் சீட்டு ஒரே நீள சீட்டு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு வருவார்கள். பின்னால் இருக்கிற எங்களிடம் மட்டும் கண்ணாடியை ஏற்றச் சொல்வார்கள். தலை கலையும், பூ பறக்கும், சேலை பறக்கும், பிள்ளைக்குக் குளிர் அடிக்கும். காரணமா இல்லை? முன்னால் திறந்து பின்னால் அடைத்தால் வண்டி ஓடுகிற வேகத்தில் தரை ஓட்டை வழியாகத்தான் காற்று மேலே வரும். காற்றோடு புகையும் வரும். அதுதான் வந்தது. சவாரி ஆட்கள் பின்னால் உட்கார்ந்தாலும் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் வளைவிலேயே நெற்றிப் பொட்டில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி வலி தொடங்கும். பிறகு குமட்டல். மேட்டில் டீக்கடைக்கு முன்னால் கார் நின்றதும் நாங்களும் பிள்ளைகளும் ஓடிப்போய் ஓரமாக வாந்தி எடுப்போம். முன் சீட்டுக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"பின்னால புகை அடிக்குதுங்க. கண்ணு எரியுது" என்று நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, ஏறும்போதெல்லாம் சொன்னேன்.

"பெட்ரோல் வண்டின்னா பின்ன பன்னீரா மணக்கும்? எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு வா. பொம்பளைகளுக்கு மலை ஏறுனா அப்படித்தான் இருக்கும்."

ஆக, எலுமிச்சம்பழம். விஷத்துக்கு மருந்து எலுமிச்சம்பழம்! மடியில் ஆளுக்கு ஒன்று கட்டிக்கொண்டு ஏறினோம்.

இதெல்லாம் தலைவலியோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். என் தங்கச்சி வாழ்க்கையில் வந்து விடிந்தது.

அவள் எனக்கு நேர் இளையவள். ஜெயமங்கலத்தில் அப்பா வீட்டில் வளர்ந்தவள். வரப்பில் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு நாள் சீக்கு என்று படுத்தவள் இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தை ஒட்டிப் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்தோம். கல்யாணம் ஜெயமங்கலத்தில். மறுநாள் பொண்ணு மாப்பிள்ளையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது எங்கள் வண்டியில்தான். "எங்க வீட்டுப் பிள்ளைய பஸ்லயா அனுப்புவோம்?" என்று என் வீட்டுக்காரர் மார் தட்டினார்.

புது மாப்பிள்ளையை மரியாதையாக முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். தங்கச்சி பின்னால், எனக்கும் மாப்பிள்ளையின் அத்தைக்கும் நடுவில், பெரிய ஓட்டைக்கு நேர் மேலே. கனத்த பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. கண்ணாடி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாதி மலையில் அவள் என் தோளில் சாய்ந்தாள். அசதி என்று நினைத்தேன், எனக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு மாமியார் நிற்கிறார்கள். கதவைத் திறந்து இறங்கியவள் அப்படியே வாசலில் விழுந்தாள். கை கால் இழுத்துக்கொண்டது.

"ஆத்தாடி! இதென்னடி கூத்து!" என்று மாமியார் தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினார்கள். யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பது வழக்கம். அந்தச் சாவிக்கொத்தோடு அவளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

அப்புறம் தலை ஆடிக்கு அழைத்து வந்தோம், திரும்பக் கொண்டுபோய் விட்டோம். விழுந்தாள். பொங்கலுக்கு வந்தாள், போனாள், விழுந்தாள். இறக்கத்தில் இன்ஜின் சும்மா உருண்டு வருவதால் ஒன்றும் ஆகாது. ஏற்றத்தில், பெடலை மிதித்து மிதித்து ஏறும்போதுதான் புகை கக்கும். மேலே போய் இறங்குகிற அன்றைக்கு மட்டும் வருகிற வலிப்பு எந்த ஊரில் உண்டு என்று அந்த வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. "புகுந்த வீட்டு வாசலக் கண்டாலே வருது" என்றுதான் பேசினார்கள். பொங்கல் கழிந்ததும் வைத்தியக்காரன் ஒருவனைக் கூட்டிவந்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவள் பிடரியில் சூடு போட்டார்கள். போட்டுவிட்டு மறுவாரமே ஆள் துணையோடு பஸ்ஸில் ஏற்றித் தேனியில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த ஆள் வாசலில் நின்றபடியே சொன்னான்: "வலிப்புக்காரின்னு மறைச்சுக் கட்டி வச்சுட்டீகன்னு அம்மா சொல்லச் சொன்னாக."

புண் ஆறுகிறவரைக்கும் என் தங்கச்சி குப்புறப் படுத்தேதான் தூங்கினாள். மருந்து போடும்போது நான் அழுதேன், அவள் அழவில்லை. "எனக்கு என்னக்கா சீக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம். திடமாக இருக்கிறாள், ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் அவளுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

பேசி முடிப்பதற்கு எங்கள் பக்கத்து ஆண்கள் கிளம்பினார்கள். பொம்பளைகள் வேண்டாம், காரியம் கெட்டுவிடும் என்றார்கள். முன் சீட்டில் என் வீட்டுக்காரரும், மரியாதைக்காக அழைத்துப்போன ஊர்ப் பெரியதனக்காரரும். பின் சீட்டில் எங்கள் அப்பா, சித்தப்பா, என் வீட்டுக்காரரின் அண்ணன். அன்றைக்கு மலையில் சாரல். வேட்டி நனையாமல் இருக்கப் பின்னால் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

அப்பா திரும்பி வந்து சொன்னதைச் சொல்கிறேன். அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா குத்தவைத்து வாந்தி எடுத்திருக்கிறார். அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு காரிலேயே சாய்ந்துவிட்டார். சித்தப்பா ஆறடி ஆள், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று சவால் விட்டுப் போனவர். ஒரு கேள்வியும் கேட்காமல் படியிலேயே மயங்கி விழுந்தார். மாமியார் வீட்டில் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையிலும் திணித்திருக்கிறார்கள்!

"ஒருத்திக்குத்தான்னு நெனச்சோம்" என்றார்களாம் மாமியார். "வம்சத்துக்கே இருக்கா? இனிமே பேச என்ன இருக்கு? போய்ட்டு வாங்க."

எங்கள் குடும்பத்தின் பெயரே வலிப்புக் குடும்பம் என்று ஆகிவிட்டது. அந்தச் சேதி வளைவுகளில் இறங்கி எங்களுக்கு முன்னால் தேனிக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சவாரியை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனார். திரும்பி வந்தபோது வண்டி தெரு முனைக்கு வந்ததே எனக்குத் தெரியவில்லை. சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. வெளியே வந்து குனிந்து பார்த்தேன். பின் பம்பருக்கு அடியில் புதுப் பைப்பின் வாய் பளபளவென்று தெரிந்தது. பின் சீட்டை இழுத்துப் பார்த்தேன். தரையில் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்திருந்தது.

"என்னத்துக்கு இப்ப மாத்துனீக?"

"சும்மாதான். சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ஆளுக சொல்றாக."

சத்தத்தைக் குறைப்பதற்குத் தரையை ஏன் அடைக்க வேண்டும்? அப்பா சொன்ன தலைவலி, கண் இருட்டல், கால் துவளல் எல்லாம் தங்கச்சி சொன்னதுதான். நான் அனுபவித்ததும் அதேதான். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அதுவரைக்கும் அவரை நான் பேர்கூடச் சொன்னதில்லை.

"புகைதான? சொல்லுங்க. உங்க வண்டிப் புகைதான என் தங்கச்சிய விழத்தட்டுச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சித்தப்பா விழுந்தப்பத்தான் எனக்கு அந்தப் பக்கம் ரோசனை போச்சு" என்றார்.

கேட்டீர்களா? நான் வாந்தி எடுத்தபோது போகவில்லை. பிள்ளைகள் வாந்தி எடுத்தபோது போகவில்லை. என் தங்கச்சி கை கால் இழுத்துக்கொண்டு கிடந்தபோது போகவில்லை. ஆறடி ஆம்பளை விழுந்த பிறகுதான் ரோசனை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தது. நாங்கள் வருஷக்கணக்கில் வாந்தி எடுத்தோம், எலுமிச்சம்பழம் தந்தார்கள். அவர்கள் ஒரு நாள் எடுத்தார்கள், பைப்பு மாறிவிட்டது.

"அப்ப மேல போய்ச் சொல்லுங்க. பிள்ளைக்குச் சீக்கு இல்ல, என் வண்டிதான் காரணம்னு சொல்லுங்க."

"ஏ, கூறு கெட்டவளே! வெளிய தெரிஞ்சா என் வண்டியில எவன் ஏறுவான்? ஸ்டாண்டுல தலை காட்ட முடியுமா? கோயிலுக்கு நேந்து சரியாப் போச்சுன்னு சொல்லி அனுப்பிருவோம். இனிமே விழவா போறா?"

நானும் விடவில்லை. மேலே போய் நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாண்டுக்கு வந்து நடு ரோட்டில் நின்று நான் சொல்கிறேன் என்றேன். நான் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

போனோம். அவர் முன்னால் ஓட்டினார். நானும் தங்கச்சியும் பின்னால். எனக்கு மலையில் அன்றைக்குத்தான் தலை வலிக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பைப்பை வால் வரைக்கும் நீட்டின பிறகும், அந்த வளைவை மறுபடி வைத்த பிறகும், அந்த வண்டி அதே செகண்ட் கியரில்தான் மேட்டுக்கு ஏறியது. கடைசியில் அறுத்த அந்தத் துண்டுப் பைப்பால் ஒரு லாபமும் இல்லை. ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக எங்களைப் புகையில் வேக வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சி தன் காலாலேயே இறங்கி வாசலில் நின்றாள். மாமியார் மேலும் கீழும் பார்த்தார்கள். மாப்பிள்ளை கடையிலிருந்து வந்து தூணோரமாக நின்றார். என் வீட்டுக்காரர் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "வண்டியில சின்னக் கோளாறு இருந்துச்சுத்தா. அதான் பிள்ளைக்கு..." என்று இழுத்தார்.

"சின்னக் கோளாறா?" என்று நான் கத்திவிட்டேன். சைலன்சரை அறுத்ததிலிருந்து சாக்கு அடைத்த ஓட்டை வரைக்கும், ஒன்று விடாமல் நான்தான் சொன்னேன். நம்பாவிட்டால் கீழே முந்தலில் இருந்து வேறு எந்த வண்டியில் வேண்டுமானாலும் அவளை ஏற்றிக் கொண்டுவந்து பாருங்கள் என்றேன். "உங்க மகன் மூணு தரமும் முன் சீட்டுல உக்காந்து வந்தாக. ஒரே ஒரு தரம் பின்னால உக்காந்திருந்தா, இந்த வாசல்ல அவுகளும்தான் விழுந்திருப்பாக!"

மாமியார் பெரிய மனசு பண்ணுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள்: "சரி விடு. நடந்தது நடந்து போச்சு. சீக்கு இல்லைன்னா நல்லதுதான். உள்ள வா தாயி, வந்து விளக்கேத்து."

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளையும் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கச்சி படியில் கால் வைக்கவில்லை. மாமியாரைப் பார்க்கவும் இல்லை. தன் புருஷனைத்தான் பார்த்தாள்.

"சூடு போடும்போது நான் திமிறிறக் கூடாதுன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டது நீங்கதான?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இதை அவள் என்னிடம்கூட அதுவரைக்கும் சொல்லவில்லை.

"வேணாம்னு உங்க முகத்தப் பாத்துத்தான கத்துனேன்? நீங்க வேற பக்கம் திரும்பிக்கிட்டீகள்ல?"

அவள் என் கையைப் பிடித்தாள். "வாக்கா, போவோம்" என்றாள். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரைத் தாண்டி நடந்தாள். ரோட்டில் போடி பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்தினாள். நானும் அவளோடு ஏறிவிட்டேன். அவர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே மலை இறங்கினார்.